செட்டிநாட்டிலிருந்து கடலாய்வுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கமிருந்து கடல் அறிவியல் படிக்க நினைப்பவர்கள், படித்து முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசிப்பவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் என மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. கட்டணமும் விண்ணப்பத் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை அந்தந்த அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. இங்கிருந்து கடலைப் படிப்பது சரிப்படுமா?

சரிப்படும். அழகப்பா பல்கலைக்கழகம் இருப்பது காரைக்குடியில் என்றாலும் அதன் கடலியல் மற்றும் கடற்கரைப் பகுதி ஆய்வுத் துறை தொண்டி வளாகத்தில் இருக்கிறது. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் பேருந்து பிடித்தால் பாக் விரிகுடாவின் கரையில் இறங்கலாம். இன்னும் தெற்கே போனால் மண்டபம். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1949 முதல் 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போகும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. இப்போதும் அங்கே அதன் மண்டல மையம் நடக்கிறது. கடற்பாசி ஆய்வுக்கு மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் அதே ஊரில் உண்டு.

காரைக்குடிக்குள்ளேயே இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 'சிக்ரி', 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. உப்புநீரில் இரும்பு ஏன் அரிக்கிறது, பாலத்தூணையும் கப்பலின் அடிப்பகுதியையும் எப்படிக் காப்பது என்பதெல்லாம் அங்கே பல்லாண்டாக ஆராயப்படும் பொருள். உலோகத் தகடுகளைக் கடலில் தொங்கவிட்டுச் சோதிக்க மண்டபத்தில் அதற்கு ஒரு களநிலையம் இருக்கிறது. வேதியியல் படித்த காரைக்குடிப் பிள்ளைக்குக் கடலாய்வுக்குள் நுழைய இதைவிடப் பக்கத்தில் வேறு வாசல் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பிலும் இளநிலையிலும் எதை எடுப்பது?

கடலியல் என்ற பெயருக்குள் நான்கு துறைகள் இருக்கின்றன. நீரோட்டம், அலை, வெப்பம், புயல் ஆகியவற்றைப் பார்ப்பது இயற்பியல் கடலியல். இதற்குக் கணிதமும் இயற்பியலும் படித்த இளநிலைப் பட்டம் வேண்டும். வேதியியல் கடலியலுக்கு வேதியியல். நிலவியல் கடலியலுக்குப் புவி அறிவியல் அல்லது நிலவியல். உயிரியல் கடலியலுக்கும் கடல் உயிரியலுக்கும் விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல்.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் நான்காவதற்குத்தான் போகிறார்கள். அதனால் போட்டி அங்கே அதிகம், கணிதம் தெரிந்தவர்களுக்குத் தட்டுப்பாடு மற்ற பக்கம். கணக்கு வரும் என்றால் பயப்படாமல் இயற்பியல் கடலியலை எடுங்கள். உயிரியல் எடுத்தவர்கள் புள்ளியியலையாவது விடாதீர்கள். பன்னிரண்டில் கணிதத்தைக் கைவிட்டவருக்கு முதல் துறையின் கதவு ஏறக்குறைய மூடிவிடும். இதைப் பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போதே யோசிக்க வேண்டும்.

எம்.எஸ்சி. எங்கே படிக்கலாம்?

தொண்டியைச் சொல்லிவிட்டோம். கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயராய்வு மையம் நெடுங்காலப் பெயர் பெற்றது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் துறை உண்டு. வெளியே போக முடிந்தால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்), விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகம், கோவா பல்கலைக்கழகம், போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இருக்கும் புதுவைப் பல்கலைக்கழக வளாகம். இயற்பியல் கடலியல்தான் என்று முடிவு செய்தவர்கள் கொச்சியையும் விசாகப்பட்டினத்தையும் முதலில் பாருங்கள். மீன்வளம் வேறு வழி. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள அறிவியல் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டு, அதற்குத் தனிக் கலந்தாய்வு.

சேருமுன் துறைக்கு நேரில் போய் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். மாணவர்கள் ஆண்டுக்கு எத்தனை முறை படகேறுகிறார்கள்? துறையின் சிடிடி கருவி (கடலில் இறக்கி ஆழவாரியாக உவர்ப்பும் வெப்பநிலையும் அளப்பது) கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது? இறுதிப் பருவத் திட்டத்தை வெளி ஆய்வகத்தில் செய்ய விடுவார்களா? கட்டடத்தின் பளபளப்பைவிட இந்தப் பதில்கள் அதிகம் சொல்லும்.

"கடலைப் படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவே?" என்று அப்பச்சி கேட்கிறார். என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். நிரந்தர ஆய்வாளர் பணியிடங்கள் குறைவு, விளம்பரம் எப்போதாவதுதான் வரும். ஆனால் திட்டப் பணிகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். சென்னைப் பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் (1993), ஹைதராபாத்தில் மீனவர்களுக்கு மீன்வள முன்னறிவிப்பும் சுனாமி எச்சரிக்கையும் தரும் இன்காய்ஸ் (1999), கோவாவில் தேசிய கடலியல் நிறுவனம் (1966), அங்கேயே துருவ ஆய்வு மையம், சென்னையில் கடலோர ஆய்வு மையம், கொச்சியில் கடல்வாழ் உயிரின மையம் ஆகியவை முக்கியமானவை. திட்டப் பணி என்றால் ஒப்பந்தம். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை அப்பச்சியிடம் மறைத்துவிட்டு, பிறகு வீட்டில் சண்டை போடுவதில் பயனில்லை.

சம்பளத்தையும் கேட்பார். பிஎச்டி செய்யும்போது கிடைக்கும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வாளர்) ஆனதும் 42,000, இவற்றோடு வீட்டு வாடகைப்படி. இது 2023 ஜனவரியிலிருந்து உள்ள அளவு. பிஎச்டி முடித்த ஆய்வு இணையருக்கு (ரிசர்ச் அசோசியேட்) 58,000இல் தொடங்கும். மத்திய நிறுவனத்தில் 'சயின்டிஸ்ட் பி' ஆனால் அடிப்படை ஊதியம் 56,100. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஊதிய விகிதத்தில் உதவிப் பேராசிரியருக்கு 57,700, அதன்மேல் படிகள். பொறியியல் முடித்த அண்டைவீட்டுப் பையனோடு ஒப்பிட்டால் இருபத்தைந்து வயதில் நீங்கள் பின்தங்கித்தான் தெரிவீர்கள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்றுக்கு மேல்தான் கணக்கு மாறும்.

நெட் தேர்வில் எந்தத் தாளை எழுதுவது?

ஆய்வு உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு நெட். இதில்தான் நிறையப் பேர் ஓர் ஆண்டை வீணாக்குகிறார்கள். கடல் உயிரியல் படித்தவர் அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர்-யூஜிசி நெட்டில் உயிரியல் தாளை எழுதலாம். ஆனால் அந்தத் தாளில் மூலக்கூறு உயிரியல், செல் உயிரியல், மரபியல்தான் பெரும்பகுதி. கடல் சார்ந்த கேள்விகள் சூழலியலுக்குள் ஒன்றிரண்டு வரும், அவ்வளவே. இயற்பியல், வேதியியல், நிலவியல் கடலியல் படித்தவர்களுக்குப் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் தாள். இரண்டிலும் மனம் ஒட்டாதவர்களுக்கு தனியாக நடக்கும் யூஜிசி நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பாடம் இருக்கிறது. கல்லூரி ஆசிரியராவதுதான் குறி என்றால் அது மோசமான தேர்வல்ல.

சிஎஸ்ஐஆர் தாள் மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். பகுதி 'அ' பொதுத் திறன்: 20 கேள்வியில் 15 எழுதினால் போதும், 30 மதிப்பெண். பகுதி 'ஆ' 70, பகுதி 'இ' 100. 'இ' பகுதியில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், 25 எழுத வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழியும் என்பதால் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பவர்கள் இங்கேதான் சரிகிறார்கள். புவி அறிவியல் தாளில் கடலியல் மட்டும் படித்தவர் வானிலையியலையும் சேர்த்துப் படித்துவிட்டால் 'இ' பகுதியின் 25 கேள்வியை ஒப்பேற்றலாம். இரண்டுக்கும் அடிப்படைச் சமன்பாடுகள் ஒன்றே. கொரியாலிஸ் விசை, புவிச்சுழல் சமநிலை ஓட்டம், எக்மன் அடுக்கு ஆகிய மூன்றையும் கையால் வருவித்துப் பார்க்காமல் தேர்வுக்குப் போகாதீர்கள்.

முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதுபவர்கள் பொறியியல் அறிவியல் தாளில் வளிமண்டல மற்றும் கடல் அறிவியல் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் பொறியியல் கணிதம் கட்டாயம்.

நேர்காணலில் கரைந்த ஆக்சிஜன் அளக்கும் வின்க்லர் முறையைத் தவறாமல் கேட்கிறார்கள். எல்லோரும் படித்த ஒன்றைப் போய் ஏன்?

புத்தகத்தில் படித்தவரையும் கையால் செய்தவரையும் பிரித்துக் காட்டும் சோதனை இது. அதனால்தான்.

செய்முறை: 300 மி.லி. பிஓடி புட்டி (காற்றுப் புகாத கண்ணாடி மூடி கொண்ட ஆய்வகப் புட்டி). வேண்டிய ஆழத்தில் நீரைப் பிடிக்கும் நிஸ்கின் புட்டி மேலே வந்ததும் மற்ற எதற்கும் முன்பு ஆக்சிஜனுக்குத்தான் நீர் எடுக்க வேண்டும். ரப்பர் குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு, குமிழி வராமல் நிரப்பி, புட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்காவது வழிய விடுங்கள். பிப்பெட் நுனியை நீருக்குள் வைத்து மாங்கனீசு சல்பேட் கரைசல் 1 மி.லி., காரம் கலந்த அயோடைடு 1 மி.லி. சேர்க்கவும். குமிழி சிக்காமல் மூடியைப் போட்டுப் பலமுறை தலைகீழாகத் திருப்புங்கள். பழுப்பு வீழ்படிவு பாதிவரை இறங்கியதும் இன்னொரு முறை குலுக்குங்கள். மறுபடி படிந்த பிறகு அடர் கந்தக அமிலம் 1 மி.லி. வீழ்படிவு கரைந்து அயோடின் நிறம் வரும். அதிலிருந்து 201 மி.லி. எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சள் ஆனதும் ஸ்டார்ச். நீலம் மறையும் கணம் முடிவு. செலவான தயோசல்பேட் ஒரு மி.லி. என்றால் ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மி.கிராம்.

ஏன் 200 இல்லாமல் 201? முதலில் சேர்த்த 2 மி.லி. வேதிப்பொருள் அதே அளவு நீரை வெளியே தள்ளிவிட்டது. 200 × 300 ÷ 298 போட்டுப் பாருங்கள், 201 வரும். இந்த ஒரு கேள்வியில் பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள்.

தவறு நேரும் இடங்கள்: ஸ்டார்ச்சை முன்கூட்டியே ஊற்றினால் அயோடின் அதோடு இறுகப் பிணைந்து முடிவு இழுத்துக்கொண்டே போகும். தயோசல்பேட் கரைசல் நாள்பட வலுவிழக்கும். சென்ற மாதம் தரப்படுத்திய மதிப்பை இன்று பயன்படுத்தினால் எல்லா எண்ணும் ஒரே பக்கமாகச் சாயும். முடிந்த பிறகு நீலம் மெல்லத் திரும்பினால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள், அது காற்றின் வேலை. வீழ்படிவு வெள்ளையாகவே இருந்தால் நீரில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். திறந்த பாக் விரிகுடாவில் அப்படி வந்தால் கடலைச் சந்தேகிக்குமுன் உங்கள் கரைசலைச் சந்தேகியுங்கள். 29 டிகிரியில், உவர்ப்பு 33 அளவில் நிறைவுற்ற நீரில் ஏறக்குறைய 6.4 மி.கி. இருக்க வேண்டும். கடற்புல் மேட்டில் பிற்பகலில் அதையும் தாண்டும், ஏனென்றால் வெயிலில் புல் ஆக்சிஜன் விடுகிறது. ஆகவே காலை ஆறு மணிக்கு ஓரிடத்திலும் பகல் இரண்டுக்கு இன்னோரிடத்திலும் எடுத்துவிட்டு 'இடத்துக்கு இடம் வேறுபாடு' என்று ஆய்வேட்டில் எழுதினால், புறத்தேர்வாளர் முதலில் கை வைப்பது அந்த அட்டவணையில்தான்.

பாக் விரிகுடாவில் மாதிரி எடுக்க எது நல்ல காலம்? அனுமதி வேண்டுமா?

பாக் விரிகுடா சராசரியாகப் பத்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. காற்று அடித்தால் அடிமண் கலங்கி மேலே வந்துவிடும். வாடைக்காலத்தில் பாக் விரிகுடா கொந்தளிக்கும்போது மன்னார் வளைகுடா அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவத்தில் நிலைமை நேர்மாறு. மீனவர்கள் இதைப் பார்த்துத்தான் தொழிலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் மாற்றுகிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மாதம் தவறாமல் மாதிரி எடுப்பதாக அட்டவணை போடுபவருக்கு இடையில் ஓட்டை விழுவது உறுதி. மாதத்துக்கு ஒரு தேதி என்று வைக்காமல் ஒரு வாரம் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, நாட்டுப்படகு போகும். ஃபைபர் படகோ வல்லமோ பேசும்போது இரண்டு பேர் வருவார்களா, எரிபொருள் யார் பொறுப்பு, காற்று ஏறித் திரும்பினால் பாதிக் கூலியா முழுக் கூலியா என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள். ஓட்டுபவரை 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டு அவர் 'இன்னைக்குக் காத்து சரியில்லை' என்றால் வாதாடுவது தகாது. அவர் சொல்வது வானிலை அறிக்கையைவிட நேரடியான தகவல்.

அனுமதி கட்டாயம். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பு 2022இல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. வலையில் தற்செயலாகச் சிக்கிச் செத்த கடல் குதிரையை 'மாதிரிதானே' என்று ஃபார்மலினில் போட்டு எடுத்துவருவதும் குற்றம். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், அதனால் ஆய்வுத் தலைப்பு முடிவான வாரமே விண்ணப்பிக்கவும். இலங்கைக் கடல் எல்லை அருகே என்பதால் பல்கலைக்கழகக் கடிதமும் அடையாள அட்டையும் படகில் இருக்க வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் முன்கூட்டியே ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

கப்பலில் போக வேண்டியிருக்குமா? பெண்பிள்ளைகளை அனுப்பலாமா?

சாகர் நிதி, சாகர் கன்யா, சாகர் சம்பதா, சிந்து சாதனா போன்ற ஆய்வுக் கப்பல்களில் பயணம் வாரக்கணக்கில் நீளும். பெண் ஆய்வாளர்கள் வழக்கமாகப் போகிறார்கள், தனி அறை ஒதுக்கீடு உண்டு. வேலை முறை வைத்து இரவிலும் நடக்கும். மாதிரி எடுக்க வேண்டிய இடம் நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தால் சிடிடி அப்போதுதான் இறங்கும்.

கடல் மயக்கம் பெரும்பாலானவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் வரும், பிறகு உடம்பு பழகிவிடும். மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடுவதில் பயனில்லை. மருத்துவரிடம் கேட்டு வாங்கி, கப்பல் கிளம்புமுன்பே போடுங்கள். வெறும் வயிறு கூடாது. வறண்ட பிஸ்கட், இஞ்சி, தொடுவானத்தைப் பார்த்தபடி மேல்தளத்தில் நிற்பது ஆகியவை உதவும். கீழறையில் கணினித் திரையைப் பார்ப்பது கெடுக்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் கூடுதலாக ஒரு கண்ணாடி, அதைக் கட்டுவதற்குக் கயிறு, பிடிமானமான காலணி, இவ்வளவு இருந்தால் போதும். ஆச்சி கட்டிக் கொடுக்கும் பலகாரத்தைக் கூட எடுத்துப் போங்கள். இரண்டாம் வாரம் கப்பல் முழுக்க உங்கள் அறைக்கு வரும்.

கணினி எவ்வளவு தெரிய வேண்டும்?

பைத்தான் ஒன்றைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். கடல், வானிலைத் தரவு வரும் நெட்சிடிஎஃப் வகைக் கோப்பைத் திறந்து, ஓர் இடத்தின் வெப்பநிலையையும் உவர்ப்பையும் ஆழவாரியாக வரைந்து, பருவவாரியாகச் சராசரி எடுக்கத் தெரிந்தால் திட்டப் பணி நேர்காணலில் உங்கள் மதிப்பு ஏறும். ஓஷன் டேட்டா வியூ என்ற மென்பொருள் இலவசம், ஆரம்பத்துக்கு அதுவும் நல்லது.

பழகுவதற்கு ஆர்கோ மிதவைத் தரவைவிடச் சிறந்தது இல்லை. உலகக் கடல்களில் ஏறக்குறைய நாலாயிரம் மிதவைகள் பத்து நாளுக்கொரு முறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே ஏறி அளந்து அனுப்புகின்றன. தரவு எல்லோருக்கும் திறந்தது. வங்காள விரிகுடாவின் வடபகுதியில் மழைக்காலம் முடிந்தபின் வந்த ஒரு கோப்பை எடுத்து வரையுங்கள். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவந்த நன்னீர் மேலே மூடியாகக் கிடப்பதும், அதன் கீழே உவர்ப்பு விறுவிறுவென ஏறுவதும் தெரியும். அந்த மூடி கீழுள்ள குளிர்ந்த நீரை மேலே கலக்க விடாது. 2018 நவம்பர் 16 வேதாரண்யம் அருகே கரையேறிப் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னையையெல்லாம் சாய்த்த கஜா போன்ற புயல்களைப் படிக்க வேண்டுமென்றால் கடலின் மேலடுக்கு வெப்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதியவர் செய்யும் பிழை ஒன்று: ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் தரக்குறி இருக்கும். 1 என்றால் நல்லது, 4 என்றால் கெட்டது. அதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் வரைந்தால் கோடு கண்டபடி குதிக்கும். உடனடிக் கோப்பையும் திருத்தப்பட்ட கோப்பையும் கலக்காதீர்கள். திருத்திய மதிப்பு இருந்தால் அதையே எடுங்கள்.

பிஎச்டிக்கு வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

புகழைப் பார்க்காதீர்கள். அவரிடம் கடைசியாக முடித்த மாணவர்களுக்கு எத்தனை ஆண்டு ஆனது, தரவு யாருடையது, கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு என்பதை அந்த மாணவர்களிடமே கேளுங்கள். யூஜிசி 2022 விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. உதவித்தொகை பொதுவாக ஐந்தாண்டோடு நிற்கும். ஆறாம் ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டாம் ஆண்டிலேயே யோசியுங்கள். காசு கட்டினால் இரண்டு வாரத்தில் வெளியிடும் இதழ்களின் மின்னஞ்சலுக்குப் பதில் போடவே வேண்டாம். அந்தக் கட்டுரை உங்கள் விவரக்குறிப்பில் நிரந்தரக் கறையாக நிற்கும்.

ஆசிரியர் பணிக்கு இந்தப் பட்டம் செல்லுமா?

கல்லூரிக்கு முதுநிலையில் 55 விழுக்காடும் நெட் அல்லது செட் (மாநில அளவிலான தகுதித் தேர்வு) தேர்ச்சியும் அடிப்படை. போட்டியில் நிற்க நடைமுறையில் பிஎச்டியும் தேவைப்படுகிறது. கடலியல் துறை இருக்கும் கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதனால் பலர் விலங்கியல், சுற்றுச்சூழலியல், நிலவியல் பணியிடங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். எம்.எஸ்சி. கடல் உயிரியலை எம்.எஸ்சி. விலங்கியலுக்கு இணையாகக் கருத அரசாணை இருக்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரும் பட்டத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து அந்த ஆணையில் இருக்கின்றனவா என்று சேருமுன் பாருங்கள். 'கடல் உயிரியல்', 'கடல் உயிரியல் மற்றும் கடலியல்' இரண்டும் அலுவலகக் கண்ணில் வேறு வேறு. தேர்வில் முதலிடம் வந்து சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுவதைவிட வேதனை வேறில்லை. பள்ளி முதுநிலை ஆசிரியர் பணிக்கும் இதே விதி, கூடவே பி.எட். வேண்டும்.

கடலே பார்க்காத பிள்ளைகளுக்குச் செட்டிநாட்டு வகுப்பறையில் இதை எப்படிக் கற்பிப்பது?

ஒரு கண்ணாடி மீன்தொட்டி போதும். ஐந்து லிட்டர் நீரில் 175 கிராம் உப்பைக் கரைத்தால் கடல் உவர்ப்புக்கு அருகில் வரும். அதில் கொஞ்சம் நிறம் கலந்து தொட்டியின் அடியில் ஊற்றுங்கள். மேலே ஒரு தெர்மகோல் துண்டை மிதக்கவிட்டு, அதன்மீது நிறமில்லாத நன்னீரை மெல்ல, மிக மெல்ல ஊற்றவும். இரண்டு அடுக்காக நிற்கும். மேசை விசிறியை மேற்பரப்பில் காட்டுங்கள். மேலடுக்கு கலங்கும், எல்லைக்கோடு குலையாது. மேலே சொன்ன நன்னீர் மூடியை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் காட்ட முடியாது. அவசரமாக ஊற்றினாலும், உப்பைச் சுடுநீரில் கரைத்து அந்தச் சூட்டோடு வைத்தாலும் அடுக்கு கலையலாம். இரண்டையும் ஒரே வெப்பநிலைக்கு வரவிட்டுத் தொடங்குங்கள். கட்டிபிடிக்காமலிருக்க எதுவும் சேர்க்காத கல்லுப்பைக் கரைத்து வடிகட்டிப் பயன்படுத்தினால் நீர் கலங்கலாகாது.

உவர்ப்பை எழுதும்போது பிள்ளைகளை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். மின்கடத்தலால் அளந்த நடைமுறை உவர்ப்புக்கு அலகு கிடையாது, 35 என்று எழுதினால் போதும். எடைவாரியாகச் சொன்னால் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று வரும். இரண்டையும் குழப்பி எழுதுவது பிஎச்டி ஆய்வேடுவரை தொடர்கிறது.

தனியார் துறையில் வாய்ப்பு?

உண்டு. துறைமுகம், அனல்மின் நிலையம், கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை போன்றவற்றுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் கடல்நீர், வண்டல், மிதவையுயிர் அடிப்படை ஆய்வு செய்ய ஆலோசனை நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. கடலடி அளவாய்வு நிறுவனங்களில் ஒலியால் கடலடியை அளக்கும் பல்கற்றை எதிரொலிமானி இயக்கத் தெரிந்தவருக்குச் சம்பளம் நன்றாக இருக்கும், ஆனால் மாதக்கணக்கில் கடலில். இறால் பண்ணை, குஞ்சுபொரிப்பகம், நோய்கண்டறியும் பிசிஆர் ஆய்வகம் ஆகியவை நம் கரையிலேயே இருக்கின்றன. ஆலோசனை நிறுவனத்தில் ஒன்று கவனம்: எடுக்காத மாதிரிக்கு எண் எழுதச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். அறிக்கையில் பெயர் உங்களுடையது.

மரைன் இன்ஜினியரிங்கும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது கப்பல் எந்திரம் ஓட்டும் படிப்பு, நுழைவுத் தேர்வும் மருத்துவத் தகுதியும் வேறு.

வேலை பார்த்துக்கொண்டே, ஊரில் இருந்தபடி கற்க முடியுமா?

ஆய்வகம் இல்லாத தொலைநிலைக் கடலியல் பட்டம் வேலைக்கு உதவாது, அதில் பணம் போட வேண்டாம். ஆனால் அடிப்படையை வலுப்படுத்த மத்திய அரசின் ஸ்வயம் இணையத் தளத்தின் பாடங்கள் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டி, தேர்வு மையத்தில் நேரில் எழுத வேண்டும். ஹைதராபாத் இன்காய்ஸ் வளாகத்தில் உள்ள செயல்முறைக் கடலியலுக்கான பன்னாட்டுப் பயிற்சி மையம் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது. விண்ணப்பத்தில் 'இந்தப் பயிற்சி ஏன் வேண்டும்' என்ற கட்டத்தில் 'கடல்மீது ஆர்வம்' என்று எழுதுபவர்களின் தாள் பின்னால் போய்விடும். எந்தத் தரவை வைத்து எதைக் கணக்கிடப் போகிறீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். துறைத்தலைவரின் கடிதத்தையும் அதோடு இணைத்து அனுப்பவும்.